ஒன்பதாம் எண்ணில் ரெனோ

ரெனோ பவேட்டோ அணிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பான். பதினான்கு வருடமாக அவன் மனைவி நரெல் அதைப் பார்த்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மாலை ரக்பி கிளப் சன்னலின் உள்பக்கக் கண்ணாடியில் அவள் பட்டியலை ஒட்டிவிட்டு விலகியதும் மற்ற ஆண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மேலே ஒன்றாம் எண்ணிலிருந்து தேடுவார்கள். ரெனோ மட்டும் வெளியே குனிந்து, கடைசிப் பெயரில் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக ஏறுவான். முதல் வருடம் அவன் பதினேழாம் எண். அதாவது கடைசி ஆள். கீழிருந்து பார்த்தால் தன் பெயர் உடனே வந்துவிடும் என்று அப்போது தொடங்கியது. பிறகு பெயர் மேலே ஏறி ஒன்பதில் நின்றுவிட்ட பிறகும் வழக்கம் மாறவில்லை. ஒன்பதில் விரல் நின்றதும் கண்ணாடியை இரண்டு முறை தட்டுவான். உள்ளே நிற்கும் நரெலுக்கு அந்தச் சத்தம், அவன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது போல இருக்கும்.

நரெல் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டார்வெல் சர்க்கரை ஆலையின் உணவகத்தில் வேலை. கிளப்பின் ஜெர்சிகளைத் துவைப்பதும், கிழிந்ததைத் தைப்பதும், ஆட்டத்தன்று எண் வரிசையில் கொக்கிகளில் மாட்டுவதும் அவள்தான். பட்டியல் எழுதும் வேலை தானாக வந்து சேர்ந்தது. கோச் கிளென் மாடிகனின் எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். அவளுடையது உருண்டையாக, நிமிர்ந்து நிற்கும். மற்றபடி அவள் குரலைக் கிளப்பில் கேட்டவர்கள் குறைவு. "நரெல் வாயைத் திறந்தா மழை வரும்" என்று கிளென் சொல்வார். "அப்ப இந்த ஊர்ல பெய்யிற மழைக்கெல்லாம் அவதான் காரணமா? வீட்ல கொட்டித் தீர்க்கிறா போல" என்பான் ரெனோ. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் ஜெர்சிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பாள்.

ரக்பி லீக்கில் முதுகில் இருக்கும் எண்தான் ஆளின் இடம். ஒன்று, எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசிக் காவல். இரண்டும் ஐந்தும் ஓரங்களில் ஓடுகிறவர்கள். எட்டும் பத்தும் சுவர் போன்றவர்கள். அவர்களுக்கு நடுவில் ஒன்பது. பந்தோடு விழுந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிடும் ஒவ்வொரு முறையும் குனிந்து அதை எடுத்து வீசவேண்டியது ஒன்பது. எதிரி மோதி வரும்போது நடுவில் நின்று காலைப் பிடித்து வீழ்த்தவேண்டியதும் அவனே. ஒரு ஆட்டத்தில் நாற்பது, ஐம்பது தடவை. அதனால் ஒன்பதாம் எண்ணின் தலை எப்போதும் மற்றவர்களின் முழங்கால் உயரத்திலேயே இருக்கும். கல்யாணமான முதல் வருடம் நரெலுக்கு அது தோன்றவில்லை. தோன்றிய பிறகு, வேறு எதையும் அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு செப்டம்பரில், சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம், பீக்கன் ஊர்க்காரர்களோடு. முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு முழங்கால் ரெனோவின் காதோரத்தில் பட்டது. விழுந்தான், எழுந்தான். முதலுதவி பார்க்கும் ஓவன் தண்ணீர்ப் புட்டியோடு ஓடினான். அடிபட்டவனிடம் கேட்பதற்கென்று சில கேள்விகள் உண்டு. எந்த மைதானம், யாரோடு ஆட்டம், புள்ளிக் கணக்கு என்ன. ரெனோ எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னான், கடைசிவரை ஆடினான். பதினெட்டுக்குப் பதினாறு என்று தோற்றார்கள்.

அன்று மாலை சமையலறையில் ஐஸ் பையைக் காதில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்.

"ஒரு ரகசியம் சொல்லட்டா? கணக்குப் பலகையைப் பாத்துட்டா போதும் நரெல். யாரோட ஆட்டம்னு அதுல தொங்குது. எத்தனைக்கு எத்தனைன்னும் தொங்குது. ஓவன் பாவம், பலகைக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நின்னு கேக்கிறான்."

"அப்ப உனக்கு நெஜமா தெரியலையா?"

"கொஞ்ச நேரம் தெரியலை. அப்புறம் வந்துடுச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பிறகு வெட்கப்பட்டாள்.

நவம்பரில் கரும்பு வெட்டு முடிந்தது. ரெனோ ஆலையின் கரும்பு ரயிலை ஓட்டுகிறவன். வெட்டு முடிந்தால் எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் வேலை. அவனுடைய நீல வேலையுடையைத் துவைக்கப் போடும் முன் நரெல் பைகளைத் துழாவுவாள். திருகாணியும் நட்டும் துவைக்கும் இயந்திரத்தைக் கெடுத்துவிடும். டிசம்பர் முதல் வாரம் ஒரு காகிதத் துண்டு வந்தது. 'மூணாவது தண்டவாளம், இடது பக்கம் திருப்பு.' எஞ்சினைக் கொட்டகைக்குள் விட, பன்னிரண்டு வருடமாக அவன் திருப்பிய இடம் அது. மறுவாரம் இன்னொன்று. 'ஃபோர்மன் பேர் வின்ஸ்.' வின்ஸ் அவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்.

அவள் எதையும் கேட்கவில்லை. காகிதங்களைத் துணி உலர்த்தும் கிளிப்புகள் இருந்த டப்பாவின் அடியில் போட்டுவைத்தாள். கேட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம். ஆலைக்குத் தெரிந்தால் ரயில் ஓட்டும் உரிமம் போகும், கிளப்புக்குத் தெரிந்தால் ஒன்பது போகும், இரண்டும் போனால் ரெனோவில் என்ன மிஞ்சும் என்ற பயம் அதைவிடப் பெரியது. அவன் பேச்சும் கேலியும் மாறவில்லை. தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டு மறுபடி போடுவான். அடுப்பு எரிவதை மறப்பான். யார்தான் மறக்கவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் குளிக்கப் போனால் தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை கதவருகே நின்றாள். அவன் காரை எடுத்தால், பாலத்தின் மரப்பலகைகள் கடகடக்கும் சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றாள்.

ஜனவரி தொடக்கத்தில் மூன்றாவது வந்தது; மாதக் கடைசியில் நான்காவது காகிதம். பேனாவை அழுத்தி, பெரிய எழுத்தில்: 'வீடு. பாலம் தாண்டினதும் இடது.'

அதை அவள் டப்பாவில் போடவில்லை. தன் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். பாவாடை மாற்றும்போது காகிதத்தையும் மாற்றினாள்.

பிப்ரவரி இரண்டாம் வாரச் செவ்வாய்க்கிழமை கிளென் போன் செய்தார். சனிக்கிழமை மல்கூரா அணியோடு சோதனை ஆட்டம்; சீசனுக்கு முன் யார் எந்த இடத்துக்குத் தேறுவார்கள் என்று பார்க்க நடப்பது. கணக்கு எழுதமாட்டார்கள். இரண்டு பாதி கிடையாது, இருபத்தைந்து நிமிடமாக மூன்று பகுதி. பதினேழு பேருக்குப் பதில் இருபத்திரண்டு பேர்.

"எழுதிக்கோம்மா" என்று ஒன்றிலிருந்து எட்டுவரை சொன்ன கிளென் நிறுத்தினார். "ஒன்பதுதான்... ரெனோவா கேலப் டோகாவான்னு மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிறேன். நீ என்ன சொல்றே?"

நரெலின் கை பாவாடைப் பைமேல் போனது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேனா மூடியைத் திறந்து மூடினாள்.

"என்ன, மழை வரலியா?" கிளென் சிரித்தார். "சரி. ஒன்பது ரெனோ, பதினாலு கேலப். சனிக்கிழமை ரெனோ தேறிட்டான்னா சீசன் முழுக்க ஒன்பது அவனோடது. வயசாச்சுன்னு அப்புறம் எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

சீசன் முழுக்க என்றால் இருபத்திரண்டு ஆட்டம். நரெல் இருபத்திரண்டை ஐம்பதால் பெருக்கிப் பார்த்தாள். ஆயிரத்து நூறு. எல்லாப் பெயரையும் எழுதினாள். ஒன்பதை மட்டும் வெறுமையாக விட்டாள். அந்தக் கோட்டில் 'கே. டோகா' என்று பென்சிலால் லேசாக எழுதினாள். வாசலில் யாரோ செருப்பை உதறும் சத்தம் கேட்டதும் அவசரமாக அழித்து, பேனாவால் 'ஆர். பவேட்டோ' என்று எழுதினாள். கையெழுத்து அந்த ஒரு வரியில் மட்டும் சாய்ந்திருந்தது.

அன்று மாலை கண்ணாடிக்கு உள்ளே அவள் நின்றாள். வெளியே ரெனோ குனிந்து இருபத்திரண்டில் விரலை வைத்தான். விரல் ஏறியது. பதினான்கு. பத்து. ஒன்பது. நிற்கவில்லை. எட்டு, ஏழு என்று ஏறி ஒன்றுவரை போய், பட்டியலுக்கு மேல் வெறும் கண்ணாடியில் நின்றது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண்ணாடி வழியாக உதடு அசைவது தெரிந்தது.

"என் பேரு எங்க?"

அவள் உள்பக்கமிருந்து பட்டியலின் ஓரத்தில், ஒன்பதுக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்தாள். அவன் அதையே பார்த்தான். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. "பயந்துட்டியா?" என்றான். இரண்டு முறை தட்டினான்.

பயந்துதான் போயிருந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைவரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வெயில் தகரக் கூரையை உருக்கிவிடும் போல இருந்தது. உடை மாற்றும் அறையில் அவள் இருபத்திரண்டு ஜெர்சிகளை மாட்டினாள். ஒன்பதை மாட்டிவிட்டு எடுத்தாள், மறுபடி மாட்டினாள். ஒளித்துவைத்தால் வேறொன்றைப் போட்டுக்கொண்டு போவான். வேலியோரக் கணக்குப் பலகையில், செப்டம்பரிலிருந்து யாரும் கழற்றாத ஊர்ப் பெயரும் தகர எண்களும் துருவேறித் தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்டம் முடிந்தால் எல்லோரும் பீருக்கு ஓடுவார்கள். எண்களைக் கழற்றுவது எப்போதும் அடுத்த ஆட்டத்தின் வேலை. சோதனை ஆட்டத்துக்குக் கணக்கே கிடையாது என்பதால் இன்றும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

யார் உள்ளே, யார் வெளியே என்று குறித்துக்கொள்ள நோட்டும் பென்சிலுமாக அவள் ஓர பெஞ்சின் முனையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மாற்று ஆளான கேலப், முதுகில் பதினான்கோடு, முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது, ரெனோவின் ரயிலில் உதவியாளாக வேலை செய்கிறவன்.

முதல் பகுதியில் ரெனோ அருமையாக ஆடினான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. கைகள் தாமாகவே பந்தை எடுத்தன, வீசின. கால்களுக்கு எல்லாம் நினைவிருந்தது.

"பாத்தியா!" என்று கிளென் தொப்பியால் தொடையில் அடித்தார். "முப்பத்தஞ்சு வயசாம்! எவன் சொன்னான்?"

இரண்டாவது பகுதி தொடங்கி ஏழெட்டு நிமிடம். மல்கூராவின் பத்தாம் எண், நல்ல கனத்த ஆள், நேராக ஓடிவந்தான். ரெனோ குனிந்து காலைப் பிடித்தான். இடுப்பெலும்பு அவன் நெற்றிப்பொட்டில் பட்ட சத்தம் பெஞ்சுவரை கேட்டது. கேட்டதாகத்தான் நரெலுக்குத் தோன்றியது. ரெனோ எழுந்தான். நாலடி நடந்தான். நின்று, தன் கைகளைப் புரட்டிப் பார்த்தான்.

"கேலப், உள்ளே போ! ஓவன், அவனை இங்க கூட்டிட்டு வா, கேட்டுப் பாரு" என்றார் கிளென். "சீக்கிரம். இந்தப் பகுதி முடியறதுக்குள்ள அவனை மறுபடி பாக்கணும் நான்."

கேலப் ஓடுவதற்குள் பந்து வெளியே போய் ஆட்டம் நின்றது. அவன் கோட்டருகே காத்து நின்றான். ஓவன் ரெனோவை நரெலுக்கு மூன்றடி தள்ளி நிறுத்தினான். வழக்கம்போல முதுகு பலகைக்கு.

"மச்சான், என்னைப் பாரு. எந்த மைதானம்?"

"நம்ம மைதானம்டா."

"யாரோட ஆட்டம்?"

ரெனோவின் மோவாய் மெல்ல உயர்ந்தது. கண் ஓவனின் தோளைத் தாண்டிப் போனது. நரெல் அந்தக் கண் போன திசையில் திரும்பிப் பார்த்தாள்.

"பீக்கன்."

"கணக்கு?"

"அவங்க பதினெட்டு. நாம பதினாறு."

பெஞ்சே வெடித்துச் சிரித்தது. "அண்ணே!" என்று கத்தினான் கேலப். "அந்த ஆட்டம் முடிஞ்சு அஞ்சு மாசமாச்சு. நீங்க இன்னுமா தோத்துக்கிட்டிருக்கீங்க?" கிளென்கூடச் சிரித்துவிட்டார். "இவனுக்கு ஒண்ணும் ஆகலைப்பா. அதே வாய்."

ரெனோவும் சிரித்தான். ஆனால் எல்லோரும் சிரித்த பிறகு, அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, அதன்பின் சிரித்தான். நரெல் அதைப் பார்த்தாள். ஓவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளெனுக்குக் கட்டைவிரலை உயர்த்தினான்.

"வேண்டாம்" என்றாள் நரெல்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் எழுந்தாள். நோட்டு மடியிலிருந்து விழுந்தது.

"அவன் போகக் கூடாது!"

தன் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. சிரிப்பு நின்றது. கிளென் திரும்பினார்.

"நரெல், அவன் தமாஷ் பண்றாம்மா."

"தமாஷ் இல்லை. அவன் பலகையைப் பாத்துப் படிக்கிறான். போன தடவையும் அப்படித்தான் பதில் சொன்னான். என்கிட்ட சொல்லியிருக்கான்."

"நரெல்" என்றான் ரெனோ தாழ்ந்த குரலில். அவள் பாவாடைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஓவனிடம் நீட்டினாள். ஓவன் வாங்கிப் படித்தான். மறுபடி படித்தான். ரெனோவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"என் பையில கை விட்டியா?" என்றான் ரெனோ.

"துவைக்கிறவ நான்தானே."

"இத்தனை பேருக்கு முன்னாடி..."

"ஆமா."

கிளென் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டார். கோட்டருகே நின்ற கேலபிடம் போய், "ஆட்டம் முடியறவரைக்கும் ஒன்பது நீதான்" என்று மெதுவாகச் சொன்னார். கேலப் சிரிப்பு வடிந்த முகத்தோடு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே ஓடினான்.

ரெனோ ஜெர்சியைக் கழற்றினான். அவள் காலடியில் இருந்த கூடையில் வீசினான். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை மைதானத்தைப் பார்க்காமல் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். நரெல் நோட்டைப் பொறுக்கித் தூசி தட்டி, ஒன்பதுக்கு எதிரே 'வெளியே' என்று எழுதினாள். நேரம் எழுத வேண்டிய இடத்தில் எழுதவில்லை.

வீட்டுக்கு அவள்தான் காரை ஓட்டினாள். பாலத்தின் பலகைகள் கடகடத்தன. எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பதிலுக்குப் பயந்து, கேட்காமலே இடதுபுறம் திருப்பினாள். வாசலில் வண்டி நின்றபோது அவன் முதல் முறையாகப் பேசினான்.

"எத்தனை காகிதம் வச்சிருக்கே?"

"நாலு."

"நான் பத்துக்கு மேல எழுதினேன்" என்றான். "மத்ததை எங்க வச்சேன்னு தெரியலை."

கதவைத் திறக்காமல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் காரின் முன்பெட்டியைத் திறந்து துழாவினான். அவனும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

இது நடந்து மூன்று வருடமாகிறது. ரெனோ ரயில் ஓட்டுவதில்லை. ஆலையின் கருவி அறையில் வேலை. ஒவ்வொரு கருவியின் வடிவமும் சுவரில் வரைந்திருப்பதால் எதை எங்கே மாட்டுவது என்ற குழப்பம் இல்லை. மாதம் ஒருமுறை நகரத்து மருத்துவமனைக்கு நரெல் அழைத்துப்போகிறாள். மேலும் மோசமாகவில்லை என்கிறார்கள். சரியாகும் என்று சொல்லவில்லை. சில நாள் அவளோடு நன்றாகப் பேசுகிறான். சில நாள், இருபத்திரண்டு ஆட்டத்தைத் தன்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். செவ்வாய்க்கிழமைகளில் கிளப்புக்கு வந்து பட்டியலைக் கீழிருந்து மேலே படிக்கிறான், கண்ணாடியைத் தட்டுவதில்லை. ஒன்பதாம் எண்ணில் கேலப் ஆடுகிறான், அவனுக்கு அடிபடும்போதும் நரெல் பெஞ்சிலிருந்து எழுந்துவிடுகிறாள். ஆட்டம் முடிந்ததும் கணக்குப் பலகையில் ஏறித் தகர எண்களைக் கழற்றி வைப்பது இப்போது அவள் வேலை.